மழையும் வெண்பனியும்



விண்ணிலே பிறந்து மண்ணிலே சேரும் நீரைப் பற்றி இன்று சில கூற விழைகின்றோம்.

ஞாயிற்றின் வெப்பத்தால் கடல்நீரும் குளத்துநீரும் ஆவியாகி மேலெழுகின்றன. உயரச் செல்லச் செல்ல அமுக்கம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கின்றது. ஆவி ஒடுங்கித் துளியாகின்றது. ஆயினும் துளி உருவாவதற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். கடலலை சிதறும் உப்புத்துணிக்கையும் புழுதியும் புகையுமே அப்பற்றுக்கோடு. இவ்வாறு தோன்றும் முகிற்றுளி ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ 50இல் ஒரு பங்கே. இத்தகைய துளிகள் பத்து இலட்சம் அளவிற் கூடினாலன்றி ஒரு மழைத்துளி ஆகாது.

அவை கூடுவது எங்ஙனம்? தாழ்ந்த முகில்களில் துளியோடு துளி மோதி ஒன்றாகும். உயர்ந்த முகில்களிலோ வேறொரு விந்தை நிகழ்கின்றது. சுவீடன் நாட்டு அறிஞர் பேர்செரோன் 1933ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். முகிலின் உச்சி 0 பாகைக்குக் கீழே குளிர்ந்தும், பல துளிகள் உறையாது நீராகவே நிற்கும். அவற்றிடையே ஒரு பனிப்பளிங்கு தோன்றின், சூழவுள்ள ஆவியைத் தன்பால் ஈர்த்து வளரும். பாரம் மிகுந்ததும் கீழே விழும். தரைவரை குளிராயின் அது வெண்பனி. இடையில் வெப்பமாயின் உருகி மழை. வெண்பனியையே காணாத யாழ்ப்பாணத்தில், இடிமுழக்கத்துடன் பொழியும் மழையிலும் ஒரு பகுதி, ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேலே பனியாயிருந்து உருகியதேயாம்!

இமயத்திலே வீழ்ந்த பனி மெல்ல உருகிக் கங்கைக்கும் சிந்துவுக்கும் கோடையிலும் நீரளிக்கின்றது. அங்கே மலையே களஞ்சியம். நமக்கோ மலையுமில்லை, வற்றாத ஆறுமில்லை. வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் மறைவது. ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்து தீர்கின்றது. எஞ்சிய மாதங்களில் நாம் பருகுவதும் தோட்டத்திற்கு இறைப்பதும் எந்த நீர்?

நம் களஞ்சியம் காலின் கீழேயே உள்ளது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகிச் சுண்ணக்கல்லை அரித்து வெடிப்பும் குகையும் ஆக்கியது. தான் தங்கும் வீட்டை மழையே கட்டிக்கொண்டது எனலாம். அங்கே நன்னீர், பாரமான உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்று. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. ஆகவே மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் உவர்நீர் கீழிருந்து 40 அடி ஏறிவரும்.

துலா மிதித்து இறைத்த முன்னோர் அளவோடு இறைத்தனர்; குளமும் கேணியும் வெட்டி மழையை மறித்தனர். இன்றோ யந்திரம் இடைவிடாது இறைக்கின்றது, முற்றமெங்கும் சீமெந்து, குளத்திலே குப்பை, வெள்ளமோ வாய்க்கால்வழி கடலுக்கு. மிகுதியாக இட்ட உரமும் மலக்குழிக் கழிவும் கிணற்றையே நாடுகின்றன.

அன்பர்களே, மழையைப் பெய்விப்பது நம் கையில் இல்லை. பெய்த மழையை நிலத்திற் சேர்ப்பது நம் கையிலேயே உண்டு. அடுத்த மாரிக்கு முன் ஊர்தோறும் ஒரு குளத்தையேனும் தூர்வார இளைஞர் முன்வருவோமாக. பழைய வாய்க்கால்களின் வழியறிந்த பெரியோர் எமக்கு வழிகாட்டுவார்களாக.