உப்புத் தண்ணியும் ஜிலேபிக் கெண்டையும்



கடைமடைத் தண்ணீரின் கஷ்டத்தைத் தலைஞாயிறு, வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றில் நீர் வற்றியதும் முகத்துவாரம் வழியே கடல் உள்ளே ஏறுகிறது. குட்டைத் தண்ணீரும் கரிக்கிறது. "நெல்லுக்கு ஆகாத தண்ணியில மீனாவது வளருமா சார்?" என்று பலர் கேட்கிறார்கள். வளரும். ஆனால் எந்த மீன், எவ்வளவு உப்பு என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தால், மின்கடத்தும் திறன் எத்தனை டெசி சைமன்ஸ் என்று சொல்வார்கள். அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்குதான், ஏறத்தாழ, லிட்டருக்கு இத்தனை கிராம் உப்பு என்ற கணக்கு. கடல் நீரில் இது சுமார் 35 கிராம். 2 கிராம் வந்தாலே நெல் சுணங்கும். ஜிலேபிக் கெண்டைக்கோ அது ஒரு பொருட்டே இல்லை.

இந்த மீனிலும் இனம் பார்க்க வேண்டும். 1952-ல் நம் நாட்டுக்கு வந்த மொசாம்பிக் இனம் கடல் உப்பையும் தாங்கும். ஆனால் சிறிசிலேயே குஞ்சு பொரித்துப் பெருகி, பருக்காமல் நின்றுவிடும். நைல் இனம் நன்றாகப் பருக்கும். உப்பு 15 கிராமைத் தாண்டினால் மந்தப்படும். இரண்டையும் கலந்து உண்டாக்கிய சிவப்புக் கலப்பினத்துக்கு வளர்ச்சியும் உண்டு, உப்பைத் தாங்கும் குணமும் உண்டு. 'கிஃப்ட்' என்பது கலப்பினம் அல்ல. 1988 முதல் பிலிப்பைன்சில் பொறுக்கியெடுத்து வளர்த்த நைல் இனம். அதற்கு 10 கிராமுக்கு உட்பட்ட தண்ணீரே நல்லது.

காரணம் என்ன? மீனின் ரத்தத்திலேயே லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்புக்குச் சமமான அளவு இருக்கிறது. வெளித் தண்ணீரும் அந்த அளவில் இருந்தால் மீனுக்கு வேலை குறைவு. அதற்கு மேல் போனால், ஏறிய உப்பைச் செவுள் வழியே ஓயாமல் வெளியே தள்ள வேண்டும். பள்ளத்து வயலில் ராப்பகலாக இன்ஜின் ஓட்டினால் டீசல் தீருகிற மாதிரி, தின்ற தீனி அதற்கே போய்விடும், சதை பிடிக்காது.

கடைமடையில் ஒரு விவசாயி, நல்ல தண்ணீரில் வளர்ந்த குஞ்சுகளைப் பையில் வாங்கி வந்து, 15 கிராம் உப்புள்ள குட்டையில் அப்படியே அவிழ்த்துவிட்டார். மறுநாள் காலையில் பாதிக்கு மேல் மிதந்தன. "குஞ்சு சரியில்லை" என்றார். குஞ்சு சரிதான், விட்ட முறைதான் தவறு. மீன் உப்பைத் தாங்கும். திடீர் மாற்றத்தைத் தாங்காது.

அவர் செய்திருக்க வேண்டியது இதுதான். தொட்டியில் முதல் நாள் இரண்டு பங்கு நல்ல தண்ணீர், ஒரு பங்கு குட்டைத் தண்ணீர். இரண்டாம் நாள் ஒரு பங்கு நல்லது, இரண்டு பங்கு குட்டையது. மூன்றாம் நாள் முழுவதும் குட்டைத் தண்ணீர். அதாவது நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பை ஏற்றக்கூடாது. பிறகு, வெயில் தாழ்ந்ததும் குட்டையில் விடலாம்.

விட்ட பிறகும் கவனம் வேண்டும். கோடையில் 5 அடித் தண்ணீர் 4 அடியாகச் சுண்டினால், 12 கிராம் உப்பு 15 ஆகிவிடும். ஆழம் குறைய விடாதீங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நல்ல தண்ணீர் மேலாகவும் உப்புத் தண்ணீர் அடியிலும் பிரிந்து நிற்கும். அப்போது மேல் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் மீனுக்கு நல்லதான உப்பு, பக்கத்து வயல் நெல்லுக்கு விஷம். நாகப்பட்டினம் கரையோர இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனதும், 1996-ல் தீர்ப்பு வந்ததும் நீங்கள் அறிந்ததே. ஏற்கெனவே உவர்ந்து கிடக்கிற இடத்தில் மட்டும் குட்டை வெட்டுங்கள். விளைகிற நஞ்சையில் உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்தாதீங்க. குட்டைத் தண்ணீரைப் பாசன வாய்க்காலில் திறந்துவிடாதீங்க. மீன்வளத் துறையில் அனுமதி பெற்று, ஆண் குஞ்சுகளை மட்டும் வாங்குங்கள். மடைவாயில் வலை கட்டுங்கள்.

இந்த முறையில் செய்தால் உங்கள் குட்டையில் மீனும் வளரும், அண்டை வயலில் நெல்லும் விளையும்.