விருந்தும் வரிப்பணமும்



"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. பிறர் பொருளைச் செலவிடும்போது கை தாராளமாக நீளும் என்பது அதன் கருத்து. அரசாங்கக் கஜானாவுக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். அதில் பணம் போட்டவர் பல கோடிப் பேர். ஆயினும் அதைத் தம் சொந்தப் பணமென்று எண்ணிக் காப்பவர் அரியர். அப்படிக் காக்க முன்வந்த சில சாதாரணக் குடிமக்கள் ஜப்பான் நாட்டில் செய்த ஒரு முயற்சியைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஜப்பான் 47 மாகாணங்களாகப் பிரிக்கப்பட்ட நாடு. ஒவ்வொரு மாகாணத்துக்கும் மக்களே தேர்ந்தெடுக்கும் ஆளுநரும் சட்டசபையும் உண்டு. ஆனால் அதிகாரம் இருந்த அளவுக்குக் கையில் பணம் இல்லை. தங்கள் செலவில் ஒரு பகுதியை மட்டுமே சொந்த வரிகளால் ஈடுகட்டி, எஞ்சியதற்கு மத்திய அரசாங்கத்தின் மானியத்தை எதிர்பார்க்கும் நிலையில் பெரும்பாலான மாகாணங்கள் இருந்தன. இதனை 'முப்பது சதவீதத் தன்னாட்சி' என்று ஜப்பானியரே குறைபட்டுக்கொள்வதுண்டு. ஒரு பாலமோ சாலையோ வேண்டுமானால் டோக்கியோ நகரத்து அமைச்சகங்களில் உள்ள அதிகாரிகளின் தயவை நாடவேண்டியிருந்தது. அத்தயவைப் பெறும் வழியாக, அவ்வதிகாரிகளை உயர்ந்த உணவு விடுதிகளுக்கு அழைத்துச் சென்று மதுவும் விருந்தும் அளிப்பது வழக்கமாயிற்று. 'உத்தியோகஸ்தர் உத்தியோகஸ்தருக்கு அளிக்கும் உபசாரம்' என்ற பொருளில் இதற்குக் 'கான்கான் செத்தாய்' என்று பெயர்.

செலவு முழுவதும் மாகாணக் கஜானாவிலிருந்தே சென்றது. கணக்குப் புத்தகத்தில் அது 'உணவுச் செலவு' என்ற அடக்கமான தலைப்பில் அமர்ந்திருந்தது. காரணம் எழுதும் இடத்தில் 'கலந்தாலோசனை' என்றிருக்கும். மக்களிடமிருந்து டோக்கியோவுக்குச் சென்ற வரிப்பணத்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுவதற்காக, அதே மக்களின் வரிப்பணத்தைக் கொண்டே விருந்து நடந்தது. இவ்விந்தையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்!

இதை எதிர்க்க மக்களுக்கு இருந்த கருவிகள் யாவை? முதலாவது, தகவல் கேட்கும் உரிமை. 1982-ஆம் ஆண்டில் யாமகாத்தா மாகாணத்தைச் சேர்ந்த கானேயாமா என்னும் சிற்றூர், தன் ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறலாம் என்று நாட்டிலேயே முதன்முதலாக விதி செய்தது. அதே ஆண்டில் கனகாவா மாகாணமும் அத்தகைய விதியை இயற்றியது. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. இரண்டாவது கருவி, உள்ளாட்சிச் சட்டத்தின் 242-ஆம் பிரிவு. பொதுப்பணம் முறைகேடாகச் செலவாயிற்று என்று கருதும் எந்தக் குடிமகனும், தனி ஒருவனாகவே நின்று, தணிக்கை செய்யுமாறு கோரலாம். தணிக்கையாளர்கள் 60 நாட்களுக்குள் விடை கூற வேண்டும். விடை திருப்தி தராவிடில் நீதிமன்றம் செல்லலாம். அவ்வழக்கில் வெற்றி பெற்றால் பணம் கஜானாவுக்கே திரும்பும். வழக்குத் தொடுத்தவர் அதில் ஒரு காசும் பெறுவதில்லை.

இக்கருவிகளை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் தங்களைக் 'குடிமக்கள் ஆம்பட்ஸ்மன்' என்று அழைத்துக்கொண்டனர். ஆம்பட்ஸ்மன் என்பது, மக்களின் குறைகளைக் கேட்டு விசாரிக்க அரசு நியமிக்கும் அதிகாரியைக் குறிக்கும் சுவீடன் நாட்டுச் சொல். ஜப்பானியக் குடிமக்களோ யாரும் நியமிக்கக் காத்திராமல் அப்பணியைத் தாமே மேற்கொண்டனர். 1980-ஆம் ஆண்டில் ஒசாக்காவில் இத்தகைய குழு ஒன்று தோன்றியது. 1993-ஆம் ஆண்டில் செண்டாய் நகரில் மற்றொன்று எழுந்தது. மறு ஆண்டில் பல ஊர்க் குழுக்களும் ஒன்றுகூடி நாடு தழுவிய இணைப்பு மன்றத்தை அமைத்தன. வழக்கறிஞர்களோடு தொழில்முறை அரசியலில் ஈடுபடாத சாதாரண மக்களும் இவற்றில் சேர்ந்து உழைத்தனர்.

1995 ஏப்ரலில் இம்மன்றத்தார், நாடெங்கும் உள்ள மாகாண அரசாங்கங்களிடம் ஒரே சமயத்தில் ஒரே கேள்வியைக் கேட்டனர். "உங்கள் உணவுச் செலவின் ரசீதுகளைக் காட்டுங்கள்" என்பதே அக்கேள்வி.

அவை ஒரே சமயத்தில் கேட்கப்பட்டதில்தான் இம்முயற்சியின் வலிமை இருந்தது என்று நான் கருதுகிறேன். விருந்து வைப்பது தவறென்று மாகாண அதிகாரிகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால், "நாம் மட்டும் நிறுத்திவிட்டால் நமக்கு வரவேண்டிய மானியம் அடுத்த மாகாணத்துக்குப் போய்விடுமே" என்ற அச்சம் ஒவ்வொருவரையும் பிடித்திருந்தது. எல்லாரும் செய்வதால் எவரும் நிறுத்த முடியவில்லை. எல்லாரிடமும் ஒருங்கே கணக்குக் கேட்டபோது அந்தச் சாக்கு நிற்க இடமின்றிப் போயிற்று.

ரசீதுகள் எளிதில் வெளிவந்துவிடவில்லை. பல மாகாணங்கள் விருந்தினர் பெயரையும் விடுதியின் பெயரையும் கருமை பூசி மறைத்துக் கொடுத்தன. இத்தகைய தாள்களை ஜப்பானியர் 'கடற்பாசிச் சோற்றுப்பெட்டி' என்று கேலி செய்வர். சோற்றின்மேல் கரிய கடற்பாசித் தகட்டைப் பரப்பி மூடும் உணவு அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பற்றி நாம் சொல்கிறோம். அவர்கள் சோற்றையே மறைப்பது பற்றிச் சொல்கிறார்கள். பெயரை வெளியிட்டால் தனிமனிதரின் அந்தரங்கம் கெடும் என்பது அதிகாரிகள் கூறிய நியாயம். செண்டாய்க் குழுவினர் வழக்குத் தொடுத்தனர். அலுவல் நிமித்தம் விருந்துண்ட உத்தியோகஸ்தரின் பெயரை மறைத்தல் ஆகாது என்ற கருத்துப்பட 1996 ஜூலையில் செண்டாய் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப்பணியில் உண்ட உணவு எவ்வாறு அந்தரங்கமாகும்?

கணக்குகளைத் தோண்டத் தோண்ட மேலும் பல வெளிவந்தன. வராத விருந்தினர் வந்ததாக எழுதப்பட்டிருந்தது. போகாத ஊருக்குப் போனதாகப் பயணப்படி எடுக்கப்பட்டு, அப்பணம் இரகசிய நிதியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. பல மாகாணங்களில் மேலதிகாரிகள் தங்கள் சம்பளத்திலிருந்து பணத்தைத் திருப்பிக் கட்டினர். அக்கிட்டா மாகாண ஆளுநர் சசாக்கி கிக்குஜி, இம்முறைகேடுகளுக்குப் பொறுப்பேற்று 1997-ஆம் ஆண்டில் பதவி விலகினார். மத்திய அரசாங்கத்தின் ஆவணங்களைக் கேட்டறியும் சட்டம் 1999-இல் நிறைவேறி 2001-இல் நடைமுறைக்கு வந்தது. பெற்ற பரிசும் விருந்தும் 5,000 யென்னுக்கு மேற்பட்டால் மேல்நிலை அதிகாரிகள் அறிவிக்க வேண்டும் என்ற நெறிமுறைச் சட்டமும் அதே 1999-இல் இயற்றப்பட்டது.

விருந்தோம்பல் நற்பண்பு அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நற்பண்பே, ஆனால் தன் பொருளைக் கொண்டு செய்யும்போதுதான் அது பண்பாகும். பொதுப்பணத்தைக் கொண்டு, பயனை எதிர்பார்த்து, இரகசியமாகச் செய்வதற்கு வேறு பெயர்தான் பொருந்தும்.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றில் கல் எறிந்தவர் இல்லை. கொடும்பாவி கொளுத்தியவர் இல்லை. ஒரு ரசீதில் உள்ள தேதியை மற்றொரு ரசீதின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களே இருந்தனர். கோபம் அவர்களுக்கும் இருந்திருக்கும். ஆனால் அதைக் கணக்குப் பார்க்கும் பொறுமையாக மாற்றிக்கொண்டனர். நம் நாட்டிலும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேள்வி கேட்கும் வாய்ப்பை ஒவ்வொரு குடிமகனுக்கும் அளித்துள்ளது. பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்பது அதன் விதி. பள்ளியில் நீங்கள் கற்கும் கூட்டலும் கழித்தலும் தேர்வுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை வாசித்துப் பொருள் கொள்ளவும் அவை போதும். வாசிக்கத் தொடங்குங்கள், விளங்காத இடத்தில் பணிவுடன், ஆனால் விடாமல், கேளுங்கள்.