ஒளித்துணிக்கைக்கும் வழி வேண்டும்

மலையுச்சியிற் கொய்த கொழுந்தை மூட்டையாகக் கட்டிக் கம்பியில் தொங்கவிட்டுத் தொழிற்சாலைக்கு இறக்கும் வழக்கம் நம் மலையகத் தோட்டங்கள் சிலவற்றில் முன்னாளில் இருந்தது. மூட்டை செல்லும் வழியைக் கண்ணாற் காணலாம். இடைவழியே இன்றி, இங்கு மறையும் பொருள் அக்கணமே அங்குத் தோன்றுதல் கூடுமா?

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அதற்கு முன்பே, 1937இல் வெளியான தம் கதையொன்றில் மனிதரையே கம்பிவழி அனுப்பிப் பார்த்தார். அது கற்பனை.

1993இல் அறிஞர் அறுவர் இதனையொத்த பௌதிக முறையொன்றை வகுத்தனர். 1997இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஒளித்துணிக்கைகளைக் கொண்டு அது செய்து காட்டப்பெற்றது. ஆயின், அங்கே இடம்பெயர்ந்தது பொருளன்று. அதன் நிலை மாத்திரமே. அதற்கும், தம்முள் பிணைந்த இரு துணிக்கைகளுள் ஒன்று முன்னதாகவே மறுமுனை சேர்ந்திருத்தல் வேண்டும். இம்முனையில் அளந்து கண்ட முடிவைச் செய்தியாகவும் அனுப்புதல் வேண்டும். அச்செய்தி ஒளியினும் விரைந்து செல்லாது. அளந்த மாத்திரத்தில், இம்முனையில் இருந்த பழைய நிலையும் அழிந்துபோம்.

ஒரு துணிக்கைக்கே இத்தனை ஏற்பாடு எனின், எண்ணிறந்த அணுக்களாலான ஒரு கூடைக் கொழுந்து ஹற்றனில் மறைந்து கொழும்பில் தோன்றுவது எங்ஙனம்?

நள்ளிரவில் பேறுகால வலி கண்ட பெண்ணை லயத்திலிருந்து நுவரெலியா மருத்துவமனைக்குச் சேர்ப்பது செப்பனிட்ட பாதையும் காலத்தில் வரும் வண்டியுமே. ஒளித்துணிக்கைக்கும் வழி வேண்டுமெனில், மனிதருக்கு வேண்டாவோ? அவ்வழியை அமைத்தல் நம் கையில் உள்ளது.