துரோபதை என்னும் பெயர்



பிரம்மதேசம் முதல் மரக்காணம் உப்பளங்கள் வரை மூத்த பெண்களிடையே வழங்கும் பெயர்களுள் ஒன்று துரோபதை. துருபதன் மகள் திரௌபதி; மக்கள் நாவில் துரோபதை. அவனுக்கு யக்ஞசேனன் என்ற பெயரும் இருந்தமையால் அவள் யாக்ஞசேனி. பாஞ்சால நாட்டினள் ஆதலின் பாஞ்சாலி. இவற்றுள் தந்தையையும் நாட்டையும் சாராதது கிருஷ்ணை என்பதே. கரிய நிறத்தவள் என்பது பொருள்.

தந்தைவழி வந்த பெயரைத் தாய்த்தெய்வத்தின் பெயராக்கியது நம் வட்டாரம். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை மூலக்கோயில் என்பது மரபு. பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, தீமிதித்து வணங்கிய மக்கள், தன்னைத் தோற்றவன் மனைவியைப் பணயம் வைக்கலாமோ என்று அவையில் வினவியவளின் பெயரைத் தம் மகளிர்க்கு இட்டனர்.

அப்பெயரை இடுவதற்கு எவர் ஒப்புதலும் வேண்டியிருக்கவில்லை. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியிலோ, தலித் மக்கள் வழிபட எதிர்ப்பு எழுந்தமையால், திரௌபதியம்மன் கோயில் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது. வழக்கு நடந்து, 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே சென்று வழிபட்டனர்.

இன்று பேத்தியர்க்கு இப்பெயர் இடுவார் அருகிவிட்டனர். பெயர் வழக்கொழியலாம், அவள் வினா ஒழியாதிருத்தல் வேண்டும். அது கவிஞர் கடன்.