காலும் கையும் ஒத்துப்போகும் தையல்



தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே இரண்டு வரிசையாகப் பல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தையலுக்கும் துணியை ஒரே அளவாகப் பின்னுக்குத் தள்ளுவது அந்தப் பல்தான். துணி கோணாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே நம் வேலை. அந்தப் பல்லை இறக்கிவிட்டால்? ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும். துணி எந்தப் பக்கம் போகவேண்டும், எவ்வளவு போகவேண்டும் என்பதெல்லாம் நம் கைக்கு வந்துவிடும். கொடி, இலை, சுழி, இறகு என்று மனதில் தோன்றியதை எல்லாம் நூலால் வரையலாம். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி என்று மூன்றையும் சேர்த்து இப்படி வரைந்து தைப்பதற்குத்தான் ஃப்ரீ மோஷன் குயில்ட்டிங் என்று பெயர்.

நம் ஊரில் தையல் வகுப்புக்குப் போனவர்களுக்கு இது முழுக்கப் புதிதாக இருக்காது. வளையத்தில் துணியை இறுக்கி, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டு, கால் மெஷினில் பூப்போட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குயில்ட்டில் வளையம் கிடையாது. விரித்த இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே துணியை இழுத்துப் பிடிக்கவேண்டும். அந்தத் துணியும் கைக்குட்டை அளவில் இருக்காது, கட்டில் அளவுக்கு இருக்கும்.

அமெரிக்காவில் இந்த வேலைக்குச் சுலபமாக மரியாதை கிடைத்துவிடவில்லை. கையால் தைத்தால்தான் குயில்ட், மெஷினில் தைத்தால் அது மெஷினின் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1989-இல் கென்டக்கி மாநிலத்துப் படூகா நகரில், அமெரிக்கன் குயில்ட்டர்ஸ் சொசைட்டி நடத்திய கண்காட்சியில் கேரல் பிரையர் ஃபாலர்ட் என்பவரின் ‘கொரோனா 2: சூரிய கிரகணம்’ முதல் பரிசு வாங்கியது. மெஷினில் தைத்த குயில்ட் ஒன்று அங்கே அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் மெஷின் வேலை என்று ஒதுக்கியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. பல்லை இறக்கியபிறகு மெஷினுக்குத் தையல் நீளம் என்று ஒன்று தெரியவே தெரியாது. நீளத்தை உண்டாக்குவது தைப்பவரின் காலும் கையும்தான்.

இது சின்னக் கணக்கு. ஊசி நிமிடத்துக்கு 600 தடவை குத்துகிறது என்றால் நொடிக்கு 10 குத்து. ஓர் அங்குலத்துக்கு 10 தையல் விழவேண்டுமானால் கை நொடிக்கு ஓர் அங்குலம் நகரவேண்டும். ஊசியின் வேகம் 1,200 ஆனால் கையும் நொடிக்கு இரண்டு அங்குலம் ஓடவேண்டும். கால் வேகமாகிக் கை மெதுவானால் தையல் மணல்மணலாகக் குவிந்து துணி விறைக்கும். கை முந்திக்கொண்டால் தையல் நீண்டு பல்லிளிக்கும். துணிக்குள் ஊசி இருக்கும்போது கை வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளைந்து அடித்தகட்டில் மோதி முறியும்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் புத்திமதி, “மெதுவாகத் தை” என்பது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ரொம்ப மெதுவாக ஓட்டினால் கையின் சின்ன நடுக்கம்கூடக் கோட்டில் பதிந்துவிடும். வட்டம் வட்டமாக வராது, மூலைமூலையாக உடைந்து தெரியும். எதிர்முகாமில் இருப்பவர்கள் பெடலை அடிவரை மிதித்துப் பறக்கச் சொல்கிறார்கள். அது பல வருஷம் தைத்த கைக்குச் சரி. மற்றவர்களுக்கு மோட்டார் சத்தமே பதற்றத்தைக் கொடுக்கும், அந்தப் பதற்றத்தில் கையும் ஓடும். உங்கள் கைக்குத் தோதான ஒரு நடுவேகத்தைப் பிடித்து அதிலேயே நிற்பதுதான் வேண்டியது. பாட்டுக்காரர்கள் காலப்பிரமாணம் என்பார்களே, சுலபமான இடத்தில் ஓடாமல் கஷ்டமான இடத்தில் இழுக்காமல், எடுத்த காலத்திலேயே நிற்பது, அந்தச் சங்கதிதான் இதுவும்.

அப்படி நிற்கவிடாமல் செய்வது பல வீடுகளில் பெடல்தான். பழைய மாதிரிப் பெடலுக்குள் இருப்பது வெறும் மின்தடை. லேசாக மிதித்தால் வேகத்தோடு மோட்டாரின் பலமும் குறைந்துபோகும். மூன்று அடுக்கைத் துளைக்க முடியாமல் ஊசி முனகும். இன்னும் ஒரு துளி அழுத்தினால் பாய்ந்து ஓடும். எலெக்ட்ரானிக் பெடலில் மெதுவாக ஓடும்போதும் ஊசியின் குத்தில் பலம் இருக்கும். இப்போதைய மெஷின்கள் பலவற்றில் உச்ச வேகத்துக்கு வரம்பு கட்டும் ஒரு பொத்தானும் உண்டு, பக்கத்தில் ஆமையும் முயலும் வரைந்திருப்பார்கள். அதை நடுவில் வைத்துவிட்டுப் பெடலை முழுசாக மிதியுங்கள். காலுக்கு வேலை முடிந்தது. இனி கவனம் முழுவதும் கைக்குத்தான். நான் சொல்லக்கூடிய யோசனைகளில் இதற்கே முதல் இடம் கொடுப்பேன்.

கை தடுமாறும் இடங்கள் இரண்டு. ஓர் இலை வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். காம்பிலிருந்து விளிம்பு வளைந்து போகிறது. வளைவில் கை தன்னை அறியாமல் வேகம் எடுக்கும். மேல்பக்கம் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. திருப்பிப் பாருங்கள். பாபின் நூல் நேராகக் கிடக்க, மேல்நூல் சின்னச் சின்ன வளையமாக அடியில் எட்டிப் பார்க்கும். குயில்ட்காரர்கள் இதை ‘இமைமயிர்’ என்பார்கள். பலரும் நூல் இறுக்கம் சரியில்லை என்று திருகாணியைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். அதுவும் காரணமாக இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்படவேண்டியது கையை. அடுத்தது இலையின் நுனி. அங்கே ஒரே ஒரு குத்துக்குக் கை நின்று திரும்பவேண்டும். நிற்காவிட்டால் நுனி மழுங்கிவிடும், அதிகம் நின்றால் நூல் முடிச்சாகிவிடும். கையை நகர்த்திப் பிடிக்கவேண்டுமானால் மெஷினை நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டு நகர்த்துங்கள். மேசைக்கு வெளியே தொங்கும் குயில்ட்டின் பாரமும் கையைப் பின்னுக்கு இழுக்கும். அதை மடியிலோ மேசையிலோ ஏற்றிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்று ஒரு கருவியும் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பெர்னினா நிறுவனம் ஊசியருகே இருக்கும் பாதத்திலேயே ஓர் உணர்கருவியை வைத்தது. துணி நகரும் வேகத்தை அது பார்த்து, அதற்கேற்ப ஊசியை ஓட்டும். இதை வைத்துத் தைப்பது ஏமாற்று வேலை என்று முகம் சுளிக்கிறவர்களின் பேச்சு, 1989-க்கு முன் கேட்ட அதே பேச்சு. நல்ல கருவிதான். ஆனாலும் அது நீளத்தைத்தான் சமன்செய்யும். கோடு எங்கே வளையவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. விலையும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

வீட்டில் கால் மெஷின் வைத்திருப்பவர்கள் மோட்டார் இல்லையே என்று குறைப்படத் தேவையில்லை. மிதிபலகையில் கால் ஒருமுறை தாளம் பிடித்துவிட்டால் சக்கரத்தின் கனமே வேகத்தைச் சீராக வைத்திருக்கும். பல்லை இறக்கும் வசதி இல்லாவிட்டால் தையல் நீளத்தைச் சுழியத்தில் வைத்துவிடுங்கள், பல் அசைந்தாலும் துணியைத் தள்ளாது. எம்பிராய்டரி பாதம் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கிப் பூட்டுங்கள். வளையம் இல்லாதபோது வெறும் ஊசியில் தைத்தால் துணி ஊசியோடு மேலே எழும்பி வரும், விரலுக்கும் ஆபத்து. பழைய பருத்திப் புடவையில் இரண்டு துண்டு, நடுவில் ஒரு பழைய போர்வைத் துண்டு. இந்த வாரம் அதில் உங்கள் பெயரைத் தைத்துப் பாருங்கள். தைத்து முடித்ததும் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை முதலில் பாருங்கள்.