வெப்மெயிலுக்கு எந்த வெப் சர்வர்?

குன்றாண்டார்கோவில் என்றதும் குடைவரைக் கோவிலும், குதிரை பூட்டிய தேர் போலச் சமைத்த கல் மண்டபமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்தது வேறு. குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் ஒரு பள்ளிக்கூடமோ பால் உற்பத்தியாளர் சங்கமோ, ஜிமெயில் முகவரியை விட்டுவிட்டுத் தன் சொந்தப் பெயரிலேயே மின்னஞ்சல் வைத்துக்கொள்ள நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தாகிவிட்டது. அதில் ரவுண்ட்கியூப் என்ற இலவச வெப்மெயில் மென்பொருளைப் போடப்போகிறார்கள். போட்டுத் தர வந்த தம்பி முதலில் கேட்கும் கேள்வி, "அப்பாச்சியா, எஞ்சின்எக்ஸா?"

இரண்டுமே வெப் சர்வர்கள். நீங்கள் பிரவுசரில் முகவரியைத் தட்டியதும் எடுத்துப் பேசுவது வெப் சர்வர்தான். ஆனால் உங்கள் கடிதங்கள் அதனிடம் இருப்பதில்லை. அது ரவுண்ட்கியூப்பைக் கூப்பிடும். ரவுண்ட்கியூப் பின்னால் இருக்கும் மெயில் சர்வரிடம் கடிதத்தைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டும்.

இந்தத் தேர்வில் உலகமே வேடிக்கை பார்த்த கதை ஒன்று உண்டு. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயில் என்ற வெப்மெயில் சேவையைத் தொடங்கினார்கள். பிரவுசரோடு பேசும் முன்வரிசையில் பிரீபிஎஸ்டி இயங்குதளமும் அப்பாச்சியும். கடிதங்களைச் சேர்த்து வைக்கும் பின்வரிசையில் சன் நிறுவனத்தின் சொலாரிஸ். 1997 டிசம்பரில் மைக்ரோசாப்ட் அதை வாங்கியது. விலை சுமார் 40 கோடி டாலர் என்று பேச்சு. சொந்தமாக விண்டோசும் ஐஐஎஸ் என்ற வெப் சர்வரும் விற்கிற கம்பெனி, தன் பெரிய தளத்தைப் போட்டியாளரின் மென்பொருளில் ஓட்டிக்கொண்டிருந்தது! ஊர் சிரிக்காதா? ஆனாலும் சட்டென்று மாற்ற முடியவில்லை. ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருந்த முன்வரிசை விண்டோசுக்கு மாறத் தொடங்கியதே 2000-ஆம் ஆண்டில்தான். கடிதக் கிடங்கு அப்போதும் சொலாரிசிலேயே இருந்தது. ஓடுகிற வெப்மெயிலின் அடியில் இருப்பதை உருவி எடுப்பது அவ்வளவு கஷ்டம்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். அப்பாச்சி 1995-லிருந்து இருக்கிறது. அதன் பழைய முறை, பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் ஓர் ஆள் நிற்பது மாதிரி. எஞ்சின்எக்ஸை ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004-ல் வெளியிட்டார். அதில் சாம்பார் வாளியோடு ஒருவரே வரிசை முழுக்க நடந்து, கேட்ட இலைக்கு ஊற்றிக்கொண்டே போவார். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் இரண்டாவதுதான் தாங்கும். ஆனால் நம் பால் சங்கத்தில் மெயில் பார்ப்பது எத்தனை பேர்? தவிர, அப்பாச்சியும் பழைய முறையிலேயே நின்றுவிடவில்லை. 2012-ல் வந்த 2.4 பதிப்பிலிருந்து அதிலும் வாளியோடு நடக்கிற ஏற்பாடு உண்டு. சின்ன இடத்துக்கு வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை என்பது என் கட்சி.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ரவுண்ட்கியூப்போடு எச்டிஆக்சஸ் என்று ஒரு சின்னக் கோப்பு வரும். பிழைகளை எழுதிவைக்கும் லாக் கோப்புகளையெல்லாம் வெளியார் திறக்கக்கூடாது என்ற கட்டளை அதில் இருக்கிறது. அப்பாச்சி அதைப் படித்து நடக்கும். எஞ்சின்எக்ஸ் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தத் தடைகளை நாமே அதன் அமைப்புக் கோப்பில் எழுதவேண்டும், அல்லது ரவுண்ட்கியூப்பின் பப்ளிக் எச்டிஎம்எல் என்ற உள்கோப்புறையை மட்டும் வெளியே காட்டவேண்டும். மறந்துவிட்டால் மெயில் ஒழுங்காகத்தான் ஓடும். உங்கள் லாக் கோப்பை முன்பின் தெரியாத யாரோ ஒருவர் படித்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு தொல்லை. பட்டா நகலை ஸ்கேன் செய்து மெயிலில் சேர்க்கிறீர்கள். எஞ்சின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பி. மீறினால் 413 என்று ஒரு பிழை எண்ணைக் காட்டி நிற்கும். அதைக் கூட்டினால் அடுத்தது ரவுண்ட்கியூப்பை இயக்கும் பிஎச்பி. அது தானாக அனுமதிப்பது 2 எம்பி. அதையும் கூட்டினால் கடைசியில் போஸ்ட்பிக்ஸ் என்ற மெயில் சர்வர், சுமார் 10 எம்பி. அங்கே ஒரு சூட்சுமம்: இணைப்புக் கோப்பு மெயிலில் போகும்போது எழுத்துகளாக மாறி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும். 8 எம்பி ஸ்கேன் ஏறத்தாழ 11 எம்பி ஆகி, வாசல் வரை வந்து திரும்பிவிடும். மூன்று இடத்திலும் மாற்றிவிட்டு, ஒரு பெரிய கோப்பை உங்களுக்கு நீங்களே அனுப்பிப் பாருங்கள். அது வந்து சேர்ந்த பிறகு வேலை செய்தவருக்குப் பணம் கொடுக்கலாம்.

ஆக, உதவிக்கு ஆள் எளிதில் கிடைக்காத இடத்தில் நான் அப்பாச்சியைத்தான் சொல்வேன். பார்த்துக்கொள்ளப்போகிறவருக்கு எஞ்சின்எக்ஸ் கைவந்தது என்றால் அதுவே இருக்கட்டும்.

எதைப் போட்டாலும் தப்பிக்க முடியாத ஒன்றையும் சொல்லவேண்டும். 2025 ஜூன் 1 அன்று ரவுண்ட்கியூப் ஓர் அவசரத் திருத்தம் வெளியிட்டது. பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓட்டை அது. பயனாளர் ஒருவரின் பாஸ்வேர்டு கிடைத்தால் போதும், அதை வைத்துச் சர்வரையே கைப்பற்றலாம். திருத்தம் வந்த சில நாட்களிலேயே ஓட்டையைப் பயன்படுத்தும் வழி விலைக்கு வந்துவிட்டது. ஓட்டை ரவுண்ட்கியூப்பில், முன்னால் இருப்பது அப்பாச்சியா எஞ்சின்எக்ஸா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்படி ஒரு திருத்தம் வருகிற அன்றைக்கு அதைப் போட உங்கள் சங்கத்தில் ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் சொந்த சர்வர் ஆசையை விட்டுவிடுங்கள். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோகோ போன்றவர்கள், உங்கள் பெயரிலேயே முகவரி தந்து, சர்வரைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள்.