ஏட்டில் இருந்த அதிகாரம்



குற்றாலச் சாரல் எட்டும் இந்த இலத்தூரில் ஓர் இலங்கைப் பேராசிரியரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நம் நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோரை, 1948-ம் வருடத்துப் பிரஜா உரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அச்சட்டத்தை எதிர்த்து நின்றவர் செல்வநாயகம். 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவருடைய மருமகன்தான் பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன்.

1928-ல் பிறந்த வில்சன் இலண்டனில் உயர்கல்வி கற்றவர். பேராதனையிலிருந்த இலங்கைப் பல்கலைக் கழகத்தில் அரசியல் விஞ்ஞானத்தின் முதல் பேராசிரியர். 1972-ல் கனடாவின் நியூபிரன்ஸ்விக் பல்கலைக் கழகத்திற்குச் சென்றார்.

மாமனார் கண்ட அனுபவம் அவருக்குத் தெரியாததல்ல. 1957-ல் பண்டாரநாயகா ஒப்பந்தம் செய்தார். அடுத்த வருடமே அதைக் கைவிட்டார். 1965-ல் டட்லி சேனநாயகா கையெழுத்திட்டார், அதுவும் நிறைவேறவில்லை.

இருந்தும் 1978 முதல் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவுக்கும் தமிழ்த் தலைவர்களுக்குமிடையே வில்சன் தூது நடந்தார். நாடு முழுவதும் சேர்ந்து ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தால், சிறுபான்மையோர் வாக்கையும் அவர் நாடித்தானே ஆகவேண்டும் என்ற வாதம் அன்று இருந்தது. மாவட்ட அபிவிருத்தி சபைகளுக்கு வழிவகுத்த கமிஷனிலும் அவர் அங்கம் வகித்தார்.

நடந்தது என்ன? 1980-ல் சட்டம் வந்தது. ஆனால் சபைகளுக்குப் போதிய நிதியில்லை; அதிகாரமுமில்லை. 1981-ல் சபைத் தேர்தல் நடந்த நாட்களிலேயே யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையாயிற்று. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் தமிழர்களின் வீடும் கடையும் எரிந்தன, உயிர்கள் பறிக்கப்பட்டன. தூதும் அத்தோடு முடிந்தது.

வில்சனை ஆட்சியாளரின் கையாள் என்று சிலர் தள்ளிவிடலாம். அது நியாயமல்ல. இரத்தம் சிந்தாமல் தீர்வு காண முயன்றவர் அவர். தாம் கண்டதை மறைக்காமல் 1988-ல் இலங்கையின் பிளவைப் பற்றி நூலாகவே எழுதினார். பின்னர் மாமனாரின் அரசியல் வாழ்வையும் எழுதினார். 2000-ம் வருடம் மே மாதத்தில், பிறந்த மண்ணுக்கு வெகு தொலைவில், கனடாவில் காலமானார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் கையில் எத்தனை நேர்த்தியான ஷரத்தும் வெறும் காகிதமே.

நமது பஞ்சாயத்துகளையே பாருங்கள். அரசியல் சட்டத்தின் 11-வது அட்டவணையில் 29 துறைகள் உள்ளன. அவற்றில் எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பதைத் தீர்மானிப்பது மாநில சட்டசபை. ஆகவே, கிராம சபையில் உட்காரும்போது, “சட்டம் இருக்கிறதா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “பணம் எங்கே? முடிவெடுப்பவர் யார்?” என்றும் கேளுங்கள். ஒரு பேராசிரியர் வாழ்நாளெல்லாம் கொடுத்துக் கற்ற பாடம் இது. நாம் அதைக் கேட்டே கற்றுக்கொள்வோம்!